சிவப்பு உறைக்குள் பூ இல்லை

அத்தியாயம் ஆறு

மிளகு ஒன்றின் பருமனேயுள்ள மலைப்பூவை இருபதடி உயரத்திற்குப் பெரிதாக்கி, அதன் நடுவில் ஒரு மனிதரின் சிரித்த முகத்தைப் பதித்து, கட்டடத்தின் முகப்பில் தொங்கவிட்டால் எவ்வாறிருக்கும்? பூவும் அழகாயிராது, மனிதரும் அழகாயிரார். ஆயினும் உலர்தாவரக் காப்பகத்தின் இயக்குநர் அதனையே செய்திருந்தார்.

"அண்ணி, பூவுக்கு மீசை இருக்கு," என்றான் கொழுந்தன், வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவாறு.

"பூவுக்கு இல்ல தம்பி, அதுக்குப் பேரு கொடுத்தவருக்கு. வாயை மூடிட்டு வா. மணி ரெண்டு பத்து ஆச்சு."

அண்ணி என்பவள் அவனுடைய அண்ணனின் மனைவி. துப்பறியும் நிலையத்தின் உரிமையாளரும் மூளையும் அவளே. கொழுந்தன் அதன் கால்களும், தேவைக்கு மிகுதியாகவே, அதன் வாயும் ஆவான். அஞ்சல் துறையில் விலாசம் புரியாத கடிதங்களை உரியவரிடம் சேர்ப்பிக்கும் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் அண்ணி. கொழுந்தனோ பார்த்த எந்த வேலையிலும் இருபத்தாறு வாரங்களைக் கண்டவனல்லன்.

வழக்கு இதுதான். காப்பகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டியும் தைத்தும் வரும் பெண்மணி ஒருத்தி உண்டு. அனைவரும் அவளைப் பசையம்மா என்றே அழைப்பர். புதிய மலைச்செடி ஒன்றின் மூலத்தாள் செவ்வாய்க்கிழமை மாலை காணாமற் போயிற்று. பழி பசையம்மாவின் தலையில் விழுந்தது. இன்று வெள்ளிக்கிழமை. நான்கு மணிக்குக் கூடும் கூட்டத்தில் அவளைப் பணிநீக்கம் செய்யும் ஆணையில் இயக்குநர் கையொப்பமிடுவார். அதற்கு ஒரு மணி ஐம்பது நிமிடங்களே எஞ்சியிருந்தன.

துப்பறிவோரை உள்ளே விடுவதற்கு இயக்குநர் மறுப்பார் என்று கொழுந்தன் எண்ணியிருந்தான். மாறாக, அவர் மலர்ந்து போனார்.

"வாங்க, வாங்க! பத்திரிகைக்குச் சொல்லிட்டுத்தானே வந்தீங்க? திருட்டுப் போற அளவுக்கு ஒரு பூன்னா சும்மாவா? கேமரா யாரும் வரலையா?"

"நாங்க ரெண்டு பேரும்தான் சார்," என்றான் கொழுந்தன். "வேணும்னா நான் கண்ணை மூடி மூடித் திறக்கிறேன்."

இயக்குநர் அதனைச் செவிமடுத்ததாகத் தெரியவில்லை. செடியின் விவரிப்புக் கட்டுரையை எடுத்து உரக்க வாசிக்கத் தொடங்கினார். "'தண்டு தடித்தது, கரடுமுரடானது. தலை கீழ்நோக்கிக் கவிழ்ந்தது. கசக்கினால் நனைந்த சாக்கின் நாற்றம் வீசும். நம் இயக்குநரின் அரிய பண்புகளை நினைவுகூரும் பொருட்டு இச்செடிக்கு அவர் பெயர் சூட்டப்படுகிறது.' எப்படி?"

"உங்களை நேர்ல பார்த்த மாதிரியே இருக்கு சார்," என்றான் கொழுந்தன்.

அண்ணி அவன் காலை மிதித்தாள்.

\*

தாள்கள் வைக்கப்பட்டிருந்த கூடம் நீண்டு கிடந்தது. பச்சை வண்ண இரும்பு அலமாரிகள் இருபுறமும் அணிவகுத்து நின்றன. பூச்சி உருண்டையின் நெடி மூக்கைத் துளைத்தது. ஒவ்வோர் அலமாரியிலும் உறைகள். ஒவ்வோர் உறையிலும் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் என்றோ ஒரு மலையில் காற்றுக்கு ஆடிய ஒரு செடி. மொத்தம் மூன்று இலட்சம் தாள்கள் என்று பசையம்மா கூறினாள்.

மெலிந்த உடலும், பசை காய்ந்து வெளுத்த விரல்நுனிகளும் உடையவள் அவள். அழுது முடித்திருந்தாள் என்பதை முகம் காட்டிற்று. ஆயினும் குரல் நடுங்கவில்லை.

"முதல்ல எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கம்மா," என்றாள் அண்ணி. "ஒரு தாள் போனா என்ன? இன்னொண்ணு ஒட்ட முடியாதா?"

"முடியாதுங்க. புதுச் செடிக்குப் பேரு வைக்கும்போது, இதுதான் அதுன்னு உலகத்துக்குக் காட்ட ஒரே ஒரு தாளைத்தான் எடுத்து வைப்பாங்க. அதுதான் மூலத்தாள். அதைச் சிவப்பு உறைல வைப்போம். இந்தச் செடில பூத்திருந்தது ஒரே ஒரு தண்டு. பூ இல்லாத கிளையை எல்லாம் ஒட்டி, வெளிநாட்டுக் காப்பகம் அஞ்சுக்கு நான்தான் போன மாசம் அனுப்பினேன். பூவோட இருந்தது இங்க இருந்த தாள் மட்டும்தான். அது இல்லன்னா பேரு இல்ல. கட்டுரை அச்சாகறதும் நின்னு போச்சு."

"அந்த மலையில மறுபடி ஏறிப் போய் ஒண்ணு பறிச்சா?"

"இனி அடுத்த வருஷ மழைக்குத்தான் பூக்கும்."

அண்ணி சிவப்பு உறையைத் திறந்தாள். உள்ளே வெறுமை. விளிம்பில் மங்கிய ஊதாக் கறை ஒன்று மட்டும் படிந்திருந்தது. அவள் குனிந்து தரையை நோக்கினாள். அலமாரியின் அடியில் ஓர் இலைத்துணுக்கும் இல்லை.

"தம்பி, ஒரு காய்ஞ்ச செடியைத் திருடச் சொன்னா நீ எப்படி எடுப்பே?"

"லபக்குன்னு உருவிச் சட்டைக்குள்ள சொருகுவேன்."

"அப்ப பாதிச் செடி தரையில கிடக்கும், மீதி உன் வயித்துல குத்தும். இங்க ஒரு தூசி விழல. ரெண்டு கையாலயும் தட்டு ஏந்துற மாதிரி ஏந்தித் தெரிஞ்ச ஆளு எடுத்திருக்காரு. சாவி யார்கிட்ட?"

"ஒண்ணு புரொபசர் ஐயாகிட்ட. இன்னொண்ணு என்கிட்ட," என்றாள் பசையம்மா. "அதனாலதான் என் மேல சொல்றாங்க. ஐயா சொன்னா மறுபேச்சு ஏது? செடியைக் கண்டுபிடிச்சதே அவருதானே. சொந்தச் செடியை யாராவது திருடுவாங்களா?"

"சொந்தச் செடியைத் திருடினவன்னு உலகத்துல ஒருத்தன் இருந்தா, அவனை நான் பார்க்கணும்," என்றான் கொழுந்தன்.

"கொஞ்சம் பொறு," என்றாள் அண்ணி. "அந்தத் தாளைப் பத்திச் செவ்வாய்க்கிழமை நீங்க யார்கிட்டயாவது ஏதாவது பேசினீங்களாம்மா? சும்மா பேச்சா இருந்தாலும் பரவால்ல."

பசையம்மா சிந்தித்தாள். "பெருசா ஒண்ணும் இல்லைங்க. ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். 'இந்தச் செடியை நான் முன்னாடியே ஒட்டியிருக்கேன் ஐயா'ன்னு. பசை பட்டா இதோட தண்டு ஊதாக் கறை விடும். மூணு நாளைக்கு என் விரலை விட்டுப் போகாது. வேற எந்தச் செடியும் அப்படிப் பண்ணாது. முன்னாடி ஒருதரம் அப்படி ஆனது ஞாபகம் வந்துச்சு."

"அதுக்கு அவர் என்ன சொன்னாரு?"

"டீயை அப்படியே வச்சுட்டுப் போயிட்டாரு."

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆயினும் விளங்கியவனைப் போலத் தலையை அசைத்து வைத்தான்.

\*

பேராசிரியரின் அறைக்குள் நுழைவதற்கு முன்னர் அண்ணி கொழுந்தனின் காதில் ஒன்று ஓதினாள். "உள்ள மேசை மேல ரெண்டு செடித்தாள் இருக்கும். நான் பேசிட்டு இருக்கும்போது, அதை உறை மாத்தி உறைல வை."

"அது குத்தமில்லையா அண்ணி?"

"அவங்களுக்குக் கொலை மாதிரி. அதுக்குத்தான் சொல்றேன்."

பேராசிரியர் ஒல்லியானவர்; கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கயிற்றில் தொங்கியது. முப்பது ஆண்டுகளில் பதினான்கு புதிய மலைச்செடிகளைக் கண்டுபிடித்து விவரித்தவர் அவர். பதினான்கின் பெயர்களும் சட்டமிடப்பட்டு, யார் யார் பெயரில் என்னும் குறிப்புடன் சுவரில் மாட்டப்பட்டிருந்தன.

கொழுந்தன் அப்பட்டியலை மெல்லப் படித்தான். முன்னாள் இயக்குநர் ஒருவர். அவருக்கு முன்னிருந்த இயக்குநர் ஒருவர். அமைச்சர்கள் அறுவர். துணைவேந்தர் ஐவர். மாமனார் ஒருவர்.

"மனைவி பேருல ஒண்ணுகூட இல்ல அண்ணி," என்று முணுமுணுத்தான். "மாமனார்தான் வேலை வாங்கிக் கொடுத்திருப்பாரு போல."

அண்ணி நாற்காலியில் அமர்ந்தாள். "சார், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க?"

"நூலகத்துல. நாலு மணியிலேருந்து ஏழு மணி வரைக்கும் அங்கதான். கேட்டுப் பாருங்க. பாவம், அந்தம்மா மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஏழைங்க. என்னமோ புத்தி கெட்டுப் போய்... ஐயையோ! என்னய்யா பண்றே?"

கொழுந்தன் முதல் தாளை இரண்டாம் உறைக்குள் நுழைத்திருந்தான்.

பேராசிரியர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்புறம் சாய்ந்து விழுந்தது. "அது எந்தக் குடும்பம், இது எந்தக் குடும்பம்! காம்பைப் பாரு! இதுல மயிர் இருக்கா? அதுல இருக்கா?" தாளைப் பறித்து, இரு கைகளாலும் ஏந்தி, உரிய உறையில் வைத்தார். வைத்தவர் அதோடு நின்றாரில்லை. கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி மற்றொரு தாளை உற்று நோக்கினார். "இதையும் எவனோ தப்பா எழுதியிருக்கான்!" என்று சீறினார். மேசையறையிலிருந்து சிறு சீட்டு ஒன்றை எடுத்துச் சரியான பெயரை எழுதினார், தேதியிட்டார், கையொப்பமிட்டார், தாளின் மூலையில் ஒட்டினார். அதன் பிறகே அவருக்கு மூச்சு சீராயிற்று.

"மன்னிச்சுக்கோங்க. என்ன கேட்டீங்க?"

"ஒண்ணுமில்ல சார். கேட்டது கிடைச்சிருச்சு," என்று கூறி அண்ணி எழுந்தாள்.

வெளியே வந்ததும் கொழுந்தன் பொறுமை இழந்தான். "என்ன கிடைச்சுது? அவரு நூலகத்துல இருந்தேன்னு சொன்னாரு, அதைக்கூட நீங்க விசாரிக்கல!"

"நூலகம் கிடக்கட்டும். முப்பது வருஷமா ஒரு மனுசன் தாளைச் சரியான உறைல வச்சுப் பழகியிருக்காரு. பொய் சொல்லும்போதும் அந்தக் கை சும்மா இருக்கல பார்த்தியா?"

"பார்த்தேன். எனக்கே பயமா இருந்துச்சு."

"அந்தக் கை ஒரு தாளை ஒளிச்சு வச்சா எங்க வைக்கும்?"

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே அண்ணி? கொளுத்தியிருக்கலாமே?"

"செடித்தாளையா? இவரா? தன் கையை வெட்டிப் போட்டாலும் போடுவாரு. தம்பி, எங்க ஆபீஸ்ல கடிதம் காணாமப் போனா, திருடன் வீட்ல தேடவே மாட்டோம். அதோட சரியான விலாசம் எதுன்னு பார்ப்போம். பத்துக்கு எட்டு அங்கதான் போய்ச் சேர்ந்திருக்கும். இந்தப் பூவுக்கும் ஒரு சரியான விலாசம் இருக்கு. அது சிவப்பு உறை இல்ல."

மணி மூன்று பதினைந்து. அவர்கள் மீண்டும் பசையம்மாவின் மேசைக்கு விரைந்தனர்.

"நீங்க இதை முன்னாடி ஒட்டினது எப்பம்மா?"

"வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருக்கும். இப்ப இருக்கிற டைரக்டருக்கு முன்னாடி இருந்தாரே, அவரு காலத்துல. ஆனா அது இவ்வளவு உசரம் இல்லைங்க. குட்டையா, விரலளவுதான் இருந்துச்சு. உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி மயிரு. பார்த்தா வேற செடின்னுதான் யாரும் சொல்வாங்க. கறைதான் ஒண்ணு."

"குட்டையா இருந்தது எந்த இடத்துச் செடி, ஞாபகம் இருக்கா?"

"சீட்டுல மலை உச்சின்னு போட்டிருந்துச்சு. உச்சிக்காத்துல எந்தச் செடிதான் உசரமா வளரும்? இப்ப எடுத்தது பள்ளத்து நிழல்ல. அங்க காத்தும் இல்ல, குளிரும் இல்ல. நல்லா நீட்டி நிமிர்ந்து நிக்குது."

கொழுந்தனின் வாய் ஒரு கணம் திறந்தவாறே நின்றது. அது அரிய காட்சி. ஏனெனில் அதிலிருந்து சொல் எதுவும் வெளிவரவில்லை.

"பதினாலுல அந்த டைரக்டர் பேருல இருக்கிறது எந்த அலமாரி?" என்று கேட்டாள் அண்ணி.

பசையம்மா வழி காட்டினாள். முன்னாள் இயக்குநரின் பெயரைத் தாங்கிய செடியின் சாதாரண உறை, ஏழாவது வரிசையில், கண்மட்டத்திற்கும் மேலே இருந்தது. கொழுந்தன் ஏணியில் ஏறி அதனை இறக்கினான். தட்டு ஏந்துவது போல இரு கைகளாலும் ஏந்திக் கொணர்ந்தான். அண்ணி கண்களாலேயே பாராட்டினாள்.

உறையில் இரண்டு தாள்கள் இருந்தன.

மேலே இருந்தது குட்டைச் செடி. பதினெட்டு ஆண்டுப் பழுப்பு ஏறியது. தண்டைச் சுற்றி மங்கிய ஊதாக் கறை. கீழே இருந்தது நெட்டைச் செடி. தாள் வெள்ளை வெளேரென்றிருந்தது. தண்டைச் சுற்றி அதே கறை. இரண்டின் நுனியிலும் மிளகளவு பூ ஒன்று, தலை கவிழ்ந்து தொங்கியது.

"என் தாள்!" என்றாள் பசையம்மா. குரல் இப்போதுதான் நடுங்கியது.

புதிய தாளின் மூலையில் ஒரு சிறு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. கொழுந்தன் அதனை வாசித்தான். "'இது புதிய இனமன்று. முன்னர் என்னால் விவரிக்கப்பட்ட இனமே.' செவ்வாய்க்கிழமை தேதி. கீழ கையெழுத்து." அவன் சிரிப்பை அடக்க முயன்று தோற்றான். "அண்ணி! திருடிட்டு ரசீது எழுதி ஒட்டிட்டுப் போயிருக்காரு!"

"ஒட்டாம அவரால தூங்க முடியாது தம்பி."

\*

நான்கு மணிக்குக் கூட்ட அறையில் இயக்குநர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அண்ணி இரண்டு தாள்களையும் மேசை மீது பரப்பினாள். பேராசிரியர் மறுக்கவில்லை; தம் கையொப்பத்தை மறுப்பது அவருக்கு இயலாததாயிருந்தது.

"பசையம்மா சொன்னதும் ஓடிப் போய்ப் பார்த்தேன்," என்றார் தாழ்ந்த குரலில். "ரெண்டும் ஒண்ணுதான். ஒரே செடிக்கு ரெண்டு தரம் பேரு வச்சிருக்கேன். முதல் பேருதான் நிக்கும். அதுதான் விதி. ஆனா பேனர் கட்டியாச்சு, அழைப்பிதழ் அடிச்சாச்சு... தாள் காணோம்னா எல்லாம் தானா நின்னுடும்னு நினைச்சேன்."

"அந்தம்மா வேலை போறதும் தானா நடந்துடும்னு நினைச்சீங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

பேராசிரியர் தலை கவிழ்ந்தார். செடியின் விவரிப்பு அச்சமயம் அவருக்கே மிகவும் பொருந்திற்று.

இயக்குநரோ வேறொரு துயரத்தில் ஆழ்ந்திருந்தார். "முதல் பேரு... அப்படின்னா இது அந்த ஆளோட பூவா? நான் வெளிய அனுப்பின அந்த ஆளோட பூவையா இருபதடிக்கு வாசல்ல மாட்டி வச்சிருக்கேன்?"

"உங்க மீசையோட," என்றான் கொழுந்தன்.

இயக்குநர் எழுந்து கதவைத் தாளிட்டார். திரும்பி வந்தபோது அவர் குரலில் தேன் சொட்டியது. "இந்த அறைல இருக்கிறது நாம அஞ்சு பேரு. இந்த ரெண்டு தாளையும் யாரும் பார்க்கலைன்னு வச்சுக்குவோமே? திருட்டு, திருட்டாவே இருக்கட்டும். அடுத்த வருஷம் பள்ளத்துல பூக்கும்போது வேற தாள் எடுத்து, என் பேரையே வச்சிடலாம். பசையம்மா, நீங்க வீட்ல நிம்மதியா இருங்க. நல்லபடியா பார்த்துக்கிறோம்."

அவர் பேனாவை எடுத்து ஆணையின் மீது வைத்தார்.

தாளைக் கண்டுபிடித்தாயிற்று, திருடனையும் கண்டுபிடித்தாயிற்று, ஆயினும் பசையம்மாவின் வேலை அந்தப் பேனா முனையில்தான் தொங்கிக் கொண்டிருந்தது. முதன்முறையாகக் கொழுந்தனுக்கு வேடிக்கையாக ஒன்றும் தோன்றவில்லை.

அண்ணி அவசரப்படவில்லை. "பசையம்மா, பூ இல்லாத கிளைகளை எங்க அனுப்பினீங்க?"

"அஞ்சு நாட்டுக்குங்க. எல்லாம் போய்ச் சேர்ந்ததுக்குக் கடிதமும் வந்தாச்சு."

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி, அந்தக் குட்டைச் செடியை?"

"அதே அஞ்சு இடத்துக்குத்தான்."

அண்ணி இயக்குநரை நோக்கிப் புன்னகைத்தாள். "சார், அங்கேயும் ஒவ்வொரு இடத்துலயும் ஒரு பசையம்மா இருப்பாங்க. அவங்க விரல்லயும் கறை ஒட்டும். அவங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அஞ்சுல ஒருத்தங்க வாயைத் திறந்தா போதும். அப்ப உலகமே உங்க பூவைப் பத்திப் பேசும். நீங்க ஆசைப்பட்ட மாதிரியே, கேமராவோட."

இயக்குநர் பேனாவை மூடினார். ஆணையை நான்காகக் கிழித்தார். பின்னர் அத்துண்டுகளைத் தம் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். குப்பைக் கூடையைக்கூட அவரால் நம்ப முடியவில்லை.

"வேற ஏதாவது வேணுமா?" என்று பசையம்மாவிடம் வெடுக்கென்று வினவினார்.

பசையம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்து கொண்டாள். "பெருசா ஒண்ணும் வேணாங்க. இனிமே எந்தப் புதுச் செடியா இருந்தாலும், பேரு வைக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கட்டும். எழுத்துல கொடுத்தீங்கன்னா நல்லது."

எழுத்தில் கொடுத்தார்.

\*

ஐந்து மணியளவில் வாசலில் பதாகையை இறக்கும் ஒலி கேட்டது. அண்ணி தாழ்வாரத்தில் நின்று, வீட்டிற்குத் தாமதமாக வருவதைப் பற்றித் தன் கணவரிடம் தொலைபேசியில் தற்காப்பு வாதம் புரிந்து கொண்டிருந்தாள். கொழுந்தன் பசையம்மாவின் அறையில் கால் நீட்டி அமர்ந்திருந்தான்.

கதவருகே நிழல் தட்டியது. பேராசிரியர் நின்றிருந்தார். செய்தித்தாளில் மடித்த செடி ஒன்று அவர் கைகளில் இருந்தது, பதினைந்தாவது.

"இதைக் கொஞ்சம்... பாருங்கம்மா," என்றார்.

பசையம்மா நிமிர்ந்து நோக்கவில்லை. செடியை வாங்கிக் கிடத்தினாள். தூரிகையைப் பசையில் தோய்த்துத் தண்டின் மீது ஒரு கோடு இழுத்தாள். விரல்நுனியால் தொட்டுப் பார்த்தாள். இலையைப் புரட்டினாள். சற்று நேரம் கண்களை மூடிக்கொண்டாள்.

"புதுசுதானே?" என்றார் பேராசிரியர்.

"இன்னும் காயலைங்க ஐயா. கொஞ்சம் உக்காருங்க."

அவ்வறையில் இருந்தது ஒரே முக்காலி. அதில் கொழுந்தன் அமர்ந்திருந்தான். அவன் எழுந்திருக்கவில்லை.